படையெறும்பும் பார்த்தசாரதியும்

பக்தியைப் பற்றிப் பேசும் மேடைகளில் எறும்புச் சாரைக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. அதற்கு ‘நான்’ என்பது இல்லை, ஏன் என்ற கேள்வி இல்லை, முன்னால் போவதன் பின்னால் போகிறது. அடியாரும் அப்படித் தன்னை மறந்து ஒப்படைப்பதுதான் சரணாகதி என்பார்கள். இந்த உவமை தவறு என்பது என் கட்சி. சின்னத் தவறு அல்ல, சரணாகதியையே தலைகீழாக்கிவிடும் தவறு. அதை எடுத்துச் சொல்லத் திருவல்லிக்கேணியைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. அங்கே கோயில் கொண்டிருப்பவர் பார்த்தசாரதி, அர்ஜுனனுக்குத் தேரோட்டியாக இருந்து அவன் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்ன பெருமாள்.

முதலில் எறும்பைப் பார்ப்போம். மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டன், தென்னிந்திய எறும்புகளின் பட்டியலை 1851இல் மதராஸிலிருந்து வெளிவந்த அறிவியல் இதழ் ஒன்றில் அச்சிட்டார். சாரை சாரையாகப் போய்க் கரையானை வேட்டையாடும் ஒரு கறுப்பு எறும்புக்கு அவர் வைத்த பெயர் ‘புரொசஷனாலிஸ்’, அதாவது ஊர்வல எறும்பு. பழக்கத்தில்தான் அது படையெறும்பு, துணைக்குடும்பம் வேறு. அசல் படையெறும்புகளான டோரிலஸும் ஏனிக்டஸும் நம் நாட்டில் உண்டு என்றாலும், டோரிலஸ் பெரும்பாலும் மண்ணுக்கடியிலேயே வாழ்வதால், உருளைக்கிழங்கும் நிலக்கடலையும் துளைபட்டுக் கிடப்பதைக் காணும் விவசாயிக்குத்தான் அது தெரியும். மிக நுணுக்கமாக ஆராயப்பட்டது அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளின் எசிட்டான். ஆய்வாளர் டி. சி. ஷ்நீர்லா பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் 1930களிலிருந்து அதன் பின்னாலேயே அலைந்தார். ஒரு கூட்டத்தில் லட்சக்கணக்கான எறும்புகள்; நிலையான புற்று கிடையாது. ஒன்றன் காலை ஒன்று பற்றித் தொங்கித் தங்கள் உடம்பாலேயே கூடு கட்டி, நடுவில் ராணியையும் புழுக்களையும் வைத்துக் காக்கின்றன. சுமார் 15 நாள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். பிறகு சுமார் 20 நாள் ஓரிடத்தில் தங்கும். ராணி இட்ட ஆணையால் அல்ல. புழுக்கள் பசித்து நெளியும்வரை கூட்டம் கிளம்பிக்கொண்டே இருக்கிறது, அவை கூட்டுப்புழுவானதும் அடங்குகிறது. படையின் முன்வரிசையைக் கிட்டே போய்ப் பார்த்தால் இன்னும் வியப்பு. பார்வை ஏறத்தாழ இல்லாத ஓர் எறும்பு, மணம் படாத புதுத் தரைக்கு வந்ததும் தயங்கித் தயங்கிச் சில சென்டிமீட்டர் ஓடுகிறது. வயிற்று நுனியால் தரையில் மணத்தைத் தடவுகிறது. சட்டென்று திரும்பிப் படைக்குள் புகுந்துகொள்கிறது. அடுத்தது அந்த இடத்தைத் தாண்டி இன்னும் கொஞ்சம் போய்த் திரும்புகிறது. தலைவன் என்று எதுவும் இல்லை.

இந்த ஒழுங்கு எதனால் ஆனது என்பது அது குலையும்போதுதான் புலப்படும். படையிலிருந்து ஒரு பகுதி துண்டிக்கப்பட்டால், ஒன்றன் தடத்தை ஒன்று பிடித்து வட்டமாகச் சுற்றத் தொடங்கிவிடும். பிரிட்டிஷ் கயானாவில் தான் கண்ட ஒரு வட்டத்தைப் பற்றி இயற்கையியலாளர் வில்லியம் பீபி 1921இல் எழுதினார்: சுற்றளவு ஏறத்தாழ 370 மீட்டர், ஒரு சுற்றுக்கு இரண்டரை மணி நேரம். பல எறும்புகள் சுற்றிச் சுற்றியே செத்தன. ஷ்நீர்லாவும் இத்தகைய ஒரு வட்டத்தை ஆராய்ந்து 1944இல் கட்டுரை வெளியிட்டார். அந்த வட்டத்தில் எந்த எறும்பும் விதியை மீறவில்லை. காட்டையே கலக்கி வேட்டையாடியபோது எந்த விதிப்படி நடந்ததோ, அதே விதிப்படிதான் செத்தது. நின்று யோசிக்க அதனிடம் ஒன்றும் இல்லை. கொடுக்காமல் வைத்துக்கொள்ள முடியாத ஒன்றைக் கொடுத்தது என்று எப்படிச் சொல்வது? எறும்பு தன்னை ஒப்படைக்கவில்லை; ஒப்படைப்பதற்கு அதனிடம் ‘தான்’ இருந்ததே இல்லை.

இனி அர்ஜுனனைப் பாருங்கள். வில்லைக் கீழே போட்டவன் அவன். கீதையின் மூன்றாம் அத்தியாயத் தொடக்கத்திலேயே, மாற்றி மாற்றிப் பேசி என் புத்தியைக் குழப்புகிறாய் என்று பகவானிடமே குறைப்பட்டுக்கொள்கிறான். தேரோட்டி கோபித்துக்கொள்ளவில்லை. பதினெட்டாம் அத்தியாயம்வரை பொறுமையாக விளக்குகிறார். எல்லாம் சொல்லி முடித்து, அதன் 63ஆம் சுலோகத்தில், இதை மிச்சமில்லாமல் ஆராய்ந்து பார், பிறகு உன் விருப்பப்படி செய் என்கிறார். என்னையே சரணடை என்ற சரம சுலோகம் 66ஆவதாகத்தான் வருகிறது. திருவல்லிக்கேணி மூலவர் வேங்கடகிருஷ்ணனின் கையில் சங்கு இருக்கிறது, சக்கரம் இல்லை. போரில் ஆயுதம் எடுப்பதில்லை என்ற வாக்குக்குக் கட்டுப்பட்டவர். உற்சவர் பார்த்தசாரதியின் திருமுகத்தில் இருக்கும் வடுக்கள் பீஷ்மரின் அம்பு பட்டவை என்பது வழங்கிவரும் ஐதிகம். மிரட்டிப் பணியவைக்கும் தெய்வத்துக்கு இந்தத் திருக்கோலம் பொருந்தாது.

கற்றவர்கள் இங்கே ஒரு தடை சொல்வார்கள். வைணவத்தின் தென்கலை சம்பிரதாயம் பூனைக்குட்டியை அல்லவா உதாரணம் காட்டுகிறது? தாய் கவ்விப் போகிறது, குட்டி ஒன்றும் செய்வதில்லை. ஜீவனின் முயற்சிக்கு அங்கே என்ன இடம்? வலுவான தடைதான். ஆனால் அந்த ஆசாரியர்களும் ஜீவனிடம் ஒன்றை எதிர்பார்த்தார்கள்: விலக்காமை. வரும் அருளைத் தடுக்காமல் இருப்பது. தடுக்கக் கூடியவனிடம்தான் தடுக்காதே என்று சொல்ல முடியும். கல்லிடம் யாரும் சொல்வதில்லை. உலகம் முழுவதும் பகவானின் உடைமை என்பதில் கல்லுக்கும் மனிதனுக்கும் வேறுபாடு இல்லை. அதை அறிந்து மகிழ்வது ஜீவனுக்கு மட்டுமே உரியது என்பதுதான் விசிஷ்டாத்வைதம். கேள்வி கேட்டால் அகங்காரம் வளரும் என்ற அச்சத்துக்கு ஆழ்வார்களே பதில். இதே திருவல்லிக்கேணியைப் பாடிய திருமங்கையாழ்வார், நாயகியின் நிலையில் நின்று, மடலூர்வேன், பனைமடல் ஏறி என் காதலை ஊரறியச் செய்வேன் என்று பெருமாளையே மிரட்டியவர். அவரைவிடப் பெரிய சரணாகதர் யார்?

மனிதனும் நரம்புகளின் கூட்டம்தானே, அவன் தேர்வும் எறும்பின் மணம் போன்றதுதானே என்று அறிவியல் பக்கமிருந்தும் கேட்கலாம். இருக்கட்டும். தான் வட்டத்தில் சுற்றுகிறோமோ என்ற ஐயம் மனிதனுக்கு வருகிறது, எறும்புக்கு வருவதில்லை. அந்த ஐயம் எதனால் ஆனதாக இருந்தாலும் என் வாதத்துக்கு அது போதும். அந்த ஐயத்தைப் பாவம் என்று சொல்லிக் கூட்டத்தைச் சேர்க்கும் குருமார்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது பக்தி அல்ல, தடம் பிடித்து நடக்கும் கால்கள். சரம சுலோகத்தை உபன்யாசம் செய்கிறவர்கள் 63ஆம் சுலோகத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால், கேட்க வந்தவர்கள் எழுந்து அதைக் கேட்க வேண்டும்.