கொலையுண்டவருக்கு ஒரு பக்கம்

ஒருவர் கொல்லப்படுகிறார். மறுநாளே விக்கிப்பீடியாவில் அவர் பெயரில் ஒரு கட்டுரை முளைக்கிறது. அதை நீக்கும்படி இன்னொரு பயனர் கோருகிறார். ஆங்கில விக்கிப்பீடியாவில் இத்தகைய உரையாடல் வழக்கமாக ஏழு நாள் நடக்கும். இறந்தவரை முன்பின் அறியாதவர்கள் கூடி, அவர் குறிப்பிடத்தக்கவரா என்று வாதிடுவார்கள். பெற்றவர்கள் காதில் விழுந்தால் நெஞ்சு கொதிக்கும் கேள்வி இது. ஆனாலும் யாராவது கேட்டாக வேண்டும். கேட்காமல் விட்டால் ஊர்வாய்க்கு வந்ததெல்லாம் வரலாறாகிவிடும்.

நடப்பிலுள்ள விதி இரக்கமற்றது என்று சொல்ல முடியாது. ஒரே ஒரு நிகழ்வால் மட்டும் அறியப்பட்டவருக்குத் தனி வாழ்க்கை வரலாறு வேண்டாம். அந்த நிகழ்வு நாலு நாள் செய்தியோடு ஓயாமல் நிலைத்த தாக்கத்தை உண்டாக்கியிருந்தால் நிகழ்வைப் பற்றி எழுதலாம் என்கிறது அது. இதில் ஓர் அறம் இருக்கிறது. இருபது ஆண்டு வாழ்ந்த ஒருவரை, அவர் தேர்ந்துகொள்ளாத ஒரு மணி நேரத்தை வைத்து அளப்பது அநியாயம். அப்படி எழுதப்படும் 'வரலாற்றில்' அவருடைய படிப்பும் நட்பும் ஆசைகளும் கொலைக்கான முன்கதையாகச் சுருங்கிப்போகும்.

ஆனால் பெயரை முன்னிறுத்தியே நீதி கிடைத்த வழக்குகளும் உண்டு. 1993 ஏப்ரல் 22 அன்று தென்கிழக்கு லண்டனின் எல்தம் பகுதியில், பேருந்துக்காகக் காத்திருந்த 18 வயதுக் கறுப்பின மாணவர் ஸ்டீபன் லாரன்ஸ் இனவெறியால் குத்திக் கொல்லப்பட்டார். அவருடைய பெற்றோர் அந்தப் பெயரை ஓயவிடவில்லை. கொலை விசாரணையை ஆராய்ந்து 1999இல் வெளிவந்த மெக்ஃபர்சன் அறிக்கை, லண்டன் காவல்துறைக்குள் இனவெறி அமைப்பாகவே வேரோடியிருப்பதாகச் சொன்னது. ஒருமுறை விடுதலையானவரை அதே குற்றத்துக்காக மறுபடி விசாரிக்கக் கூடாது என்ற பழைய விதி 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் தளர்ந்தது. முன்பு விடுதலையான ஒருவர் உட்பட இருவர் 2012இல் தண்டனை பெற்றார்கள். இந்தப் பெயரை மறைத்துவிட்டு அந்த வரலாற்றை எழுதவே முடியாது.

டெல்லி வழக்கு இதைவிடக் கடினமானது. ஓர் இளம்பெண் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகி இறந்த 2012 டிசம்பர் கொடுமைக்குப் பிறகு, சட்டத் திருத்தங்களைப் பரிந்துரைக்க வர்மா குழு அமைந்தது; 2013இல் குற்றவியல் சட்டங்கள் திருத்தப்பட்டன. நிகழ்வு கலைக்களஞ்சியத்தில் இடம்பெற வேண்டும் என்பதில் ஐயமே இல்லை. பெயர்? 2015இல் அந்தப் பெண்ணின் தாய், மகளின் பெயரைச் சொல்லத் தமக்கு வெட்கமில்லை, தலைகுனிய வேண்டியவர்கள் குற்றம் செய்தவர்களே என்ற பொருள்பட வெளிப்படையாகப் பேசினார். உச்ச நீதிமன்றமோ 2018இல், பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர் இறந்துவிட்டாலும், உறவினர் இசைந்தாலும், தகுந்த காரணம் இருப்பதாக அமர்வு நீதிபதி முடிவு செய்தாலன்றிப் பெயரை வெளியிடலாகாது என்றது. 2024 செப்டம்பரில், பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்ட கொல்கத்தா மருத்துவரின் வழக்கில், அவருடைய பெயரையும் படத்தையும் நீக்கும்படி விக்கிப்பீடியாவுக்கே உத்தரவிட்டது.

தாயின் சொல்லில் உள்ள உண்மையை மறுக்க யாருக்கும் தகுதியில்லை. ஆயினும் அந்தத் துணிவு அவருடையது. எங்கோ உட்கார்ந்து தட்டச்சு செய்கிறவர் அதைக் கடன் வாங்கி, வாய் திறக்காத வேறொரு குடும்பத்தின் மகள் பெயரை உலகுக்கு அறிவிக்க முடியாது. கட்டுரை எழுந்துவிட்டால் குடும்பத்தின் கையில் பெரிதாக எதுவும் இல்லை. உறவினரைப் பற்றிய பக்கத்தை நேரடியாகத் திருத்துவதை விக்கிப்பீடியா ஊக்குவிப்பதில்லை. பேச்சுப் பக்கத்தில் வேண்டுகோள் வைப்பது போன்ற வழிகளே எஞ்சும். எழுதுகிறவர் தயங்க இந்த ஒரு காரணமே போதும்.

இன்னொரு பக்கம், செய்தித்தாள் சான்றையே பெரிதும் நம்பும் விதி, செய்தித்தாள்களின் பாரபட்சத்தையும் சேர்த்தே சுமக்கிறது. 2006 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் கைர்லாஞ்சியில் தலித் குடும்பத்தைச் சேர்ந்த நால்வர் கொல்லப்பட்டார்கள். பெரிய நாளிதழ்கள் அதைப் பெரிய செய்தியாக்கவே வாரக்கணக்கில் ஆயிற்று. அதற்கும் தெருவில் போராட்டம் நடக்க வேண்டியிருந்தது. முதல் வாரத்திலேயே யாராவது கட்டுரை தொடங்கியிருந்தால் 'போதிய சான்றில்லை' என்று அது நீக்கப்பட்டிருக்கக்கூடும். செல்வாக்குள்ள நகரத்துக் குடும்பத்தில் ஒரு சாவு நிகழ்ந்தால் இந்தக் குறை வருவதேயில்லை. ஆகவே நீக்க வாக்களிக்கும் முன், உண்மையறியும் குழுக்களின் அறிக்கைகளையும் வட்டார மொழி இதழ்களையும் தேடிப் பார்க்கும் கடமை அந்தப் பயனருக்கு உண்டு. சேரிச் சாவு ஒற்றைப் பத்தியில் முடிந்ததற்குப் பழி இறந்தவர் மேல் விழக் கூடாது.

உயிர்பிழைத்தவர்கள் விஷயத்தில், பெயரைச் சொல்லலாமா என்ற தயக்கத்துக்கும் இடமில்லை. பத்து வயதில் கடத்தப்பட்டு மீண்ட ஒரு குழந்தை, இருபத்தைந்து வயதில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது தேடுபொறி முதலில் காட்டுவது அந்தப் பக்கமாகவே இருக்கும். நாளிதழ்கள் அன்று பெயரை அச்சிட்டிருந்தாலும் கலைக்களஞ்சியம் அதை விட்டுவிட வேண்டும். விட்டால் மட்டும் போதாது: பக்க வரலாற்றில் பழைய பதிப்புகள் அப்படியே கிடக்கும், அவற்றையும் மறைக்கும்படி, பிழையைக் கண்ட பயனரே அன்றைக்கே நிர்வாகிகளிடம் கேட்க வேண்டும்.