விளக்குதல்

சீடர்: ஐயா, நான் சுத்தி என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டேன். நீங்கள் பாத்திரம் விளக்குவதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டீர்கள்.

குரு: சுத்தி பெரிய இடத்துச் சொல் அம்மா. சைவப் பூசையில் ஐந்து சுத்தி சொல்வார்கள்: ஆன்மா, இடம், திரவியம், மந்திரம், இலிங்கம். அதற்குத் தீட்சை வேண்டும், முறை தெரிந்திருக்க வேண்டும். விளக்குவதற்குக் கொஞ்சம் புளியும் கையும் போதும். எழுந்தவுடன் பல் விளக்குகிறோம், பிறகு பாத்திரம் விளக்குகிறோம், வகுப்புக்குப் போனால் பாடம் விளக்குகிறார்கள், பொழுது சாய்ந்தால் விளக்கு ஏற்றுகிறோம். ஒரு நாள் முழுக்க ஒரே சொல்லோடு போகிறது. சுத்தி என்ற சொல்லை நீ கடைசியாக எப்போது வீட்டில் சொன்னாய்?

சீடர்: கிரகப்பிரவேசத்தின் போது.

குரு: பார்த்தாயா.

சீடர்: ஆனால் ஓசை ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என்று சொல்லிவிட முடியுமா? பாடத்தை விளக்குவதற்கும் செம்பை விளக்குவதற்கும் என்ன உறவு?

குரு: இலக்கணத்திலிருந்து போவோம். அடங்கு என்றால் அடக்கு, துலங்கு என்றால் துலக்கு. அப்படித்தான் விளங்கு, விளக்கு. முதலாவது தானாக நடப்பது, இரண்டாவது நாம் நடத்துவது. விளங்குதல் என்றால் ஒளிர்தல், புரிதல், தழைத்தல். 'சொன்னது விளங்கிச்சா?' என்பதில் இருப்பது புரிதல். 'இந்தக் குடும்பம் விளங்குமா?' என்பதில் தழைத்தல். ஊர்ப்பக்கம் 'வெளங்குனாப்லதான்!' என்று இழுத்துச் சொல்கிறார்களே, அதில் மூன்றுமே அடிபட்டுப் போகும். எங்கு வந்தாலும் ஒன்றைக் கவனி. விளங்க வேண்டியது ஏற்கெனவே அங்கே இருக்கிறது. நாம் எதையும் கொண்டுவந்து பூசுவதில்லை. மேலே படிந்ததை எடுக்கிறோம், அவ்வளவுதான். பாடத்திலும் அப்படித்தான்.

சீடர்: நான் மழுங்கிய செம்பு, நீங்கள் புளி என்கிறீர்கள்.

குரு: கேட்பவள் நீ, உரசுபவளும் நீதான். 'உண்மை விளக்கம்' படித்திருக்கிறாய் அல்லவா? 13ஆம் நூற்றாண்டு நூல், மெய்கண்ட சாத்திரம் பதினான்கில் ஒன்று. மனவாசகங்கடந்தார் கேட்கிறார், மெய்கண்டார் விடை சொல்கிறார். கேள்வி இல்லாவிட்டால் அந்த நூலே இல்லை. நல்ல சீடர்கள் வாய்த்ததால்தான் பல ஆசிரியர்களுக்குப் புகழ் கிடைத்தது என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. மடங்களில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

சீடர்: அப்படியானால் உரசிப் பார்க்கிறேன். உயிரை ஆணவம் என்ற மலம் பற்றியிருப்பதற்குச் செம்பில் களிம்பைச் சைவ சித்தாந்திகள் உவமை சொல்கிறார்கள். செம்பு என்று உண்டோ அன்றே களிம்பும் உண்டாம். நான் படித்த வேதியியல் அப்படிச் சொல்லவில்லை. புதிதாக உருக்கிய செம்பில் களிம்பு கிடையாது. காற்றும் ஈரமும் பட்டால்தான் முதலில் பழுப்பாக மங்கும், பிறகு பச்சை பிடிக்கும். அழுக்கு வெளியிலிருந்து வருகிறது. உவமையே தவறு.

குரு: அதே காற்றில், அதே ஈரத்தில் பொன்னை வைத்துப் பார்.

சீடர்: ஒன்றும் ஆகாது.

குரு: காற்று பொதுவானது, களிம்பு மட்டும் செம்புக்கு உரியது. களிம்பு ஏறும் தன்மை செம்பினுள் இருக்கிறது. ஏறுவதற்குத்தான் வெளியில் ஒரு துணை வேண்டும். கண்ணுக்குத் தெரியும் பச்சையை மட்டும் களிம்பு என்று எடுத்துக்கொண்டால் நீ சொல்வது சரி. அந்தத் தன்மையைச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டால் உவமை நிற்கும். அதனால்தான் முத்தியிலும் ஆணவம் அழிவதில்லை, அதன் வலி மட்டும் கெடுகிறது என்று சித்தாந்தம் சொல்கிறது. சுத்தி என்ற சொல்லில் 'முடிந்தது, இனித் தூய்மை' என்று ஒரு முற்றுப்புள்ளி கேட்கிறது. விளக்குதலில் அது இல்லை. இன்று விளக்கினால் நாளையும் விளக்க வேண்டும்.

சீடர்: புளி என்ன செய்கிறது தெரியுமா ஐயா? அதில் இருக்கும் டார்டாரிக் அமிலம் மேலே படிந்த ஆக்சைடைக் கரைத்து எடுக்கிறது. அந்த ஆக்சைடுக்குள் இருப்பதும் செம்புதான். ஒவ்வொரு தடவை விளக்கும்போதும் துளி செம்பு கழுநீரோடு போகிறது.

குரு: இதை நான் யோசித்ததில்லை. பாட்டி காலத்துச் சொம்பு தகடாய்த் தேய்ந்திருக்குமே, அது இப்படித்தானா?

சீடர்: கொஞ்சம் இப்படி, கொஞ்சம் சாம்பலும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்ததில். எனக்கு அதைவிடத் தேய்த்த கையைப் பற்றித்தான் கேட்க வேண்டும். விளக்குமாறு என்று ஒன்று வைத்திருக்கிறோம். விளக்குகிற மாறு. வீட்டைத் துலக்குகிற அந்தப் பொருளை வைத்துத்தான் ஆளை இழிவுபடுத்துகிறோம். 'வெளக்கமாத்தால அடிப்பேன்' என்கிறோம். பட்டுக்குஞ்சம் கட்டினாலும் அது விளக்குமாறுதான் என்று பழமொழி வேறு. சொல்லில் அத்தனை ஒளி இருக்கிறது என்றீர்கள். அந்தச் சொல்லைக் கையில் பிடித்தவருக்கு ஏன் அதில் ஒரு பொட்டும் கிடைக்கவில்லை?

குரு: சொல்.

சீடர்: பண்ணை வீட்டில் பித்தளை அண்டாவைப் பளபளக்க விளக்கி வைத்தவள், அதே அண்டாவிலிருந்து தண்ணீர் மொண்டு குடிக்க முடியாது. கையேந்தி நிற்க வேண்டும், மேலிருந்து ஊற்றுவார்கள். 1950இல் அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதன் பிறகும் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை இருந்தது. பாத்திரத்தை விளக்கினால் தூய்மை வந்துவிடும். விளக்கியவர் மட்டும் எதைக் கொண்டு விளக்கினாலும் அப்படியே இருப்பார் என்றால், அது என்ன தத்துவம்?

குரு: அது தத்துவமில்லை, தீட்டு. இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்துப் பழகிவிட்டோம். அழுக்கு தேய்த்தால் போகும். தீட்டுப் போகக் கூடாது என்பதற்காகவே உண்டாக்கப்பட்டது. ஆளை விளக்குவது என்று தமிழில் ஒரு வழக்கு இல்லை, கவனித்தாயா? பல்லை விளக்குவோம், பாத்திரத்தை விளக்குவோம். மனித உடம்பில் பல்லை விட்டால் பெருவழக்காக விளக்கப்படுவது ஓர் உறுப்புத்தான்.

சீடர்: கால்.

குரு: ஆம். சேக்கிழாரின் பெரியபுராணத்தில் அடியார் வீட்டுக்கு வந்தால் பாதம் விளக்குவார்கள். கால் தூசியைப் போக்குவது மட்டும் அதன் பொருளில்லை. விளக்குகிறவர் குனிகிறார். கலிக்கம்ப நாயனார் கதை உனக்குத் தெரியும்.

சீடர்: தெரியும், பிடிக்காது. பெண்ணாகடத்து வணிகர். அடியார்களுக்கு அமுது படைக்குமுன் மனைவி நீர் வார்க்க அவர் பாதம் விளக்குவார். ஒரு நாள் சிவவேடத்தோடு வந்தவர் முன்பு அந்த வீட்டிலேயே ஏவல் செய்தவர். அவரை அடையாளம் கண்டு மனைவி நீர் வார்க்கத் தயங்கினாள். நாயனார் அவள் கையைத் தறித்துவிட்டுத் தாமே நீர் வார்த்து விளக்கினார். பணியாளுக்கு மரியாதை கிடைத்ததாம், விலை ஒரு பெண்ணின் கை. அந்த வீட்டுப் பாத்திரங்களை அதுவரை விளக்கியதும் அந்தக் கையாகத்தான் இருக்கும்.

குரு: மறுக்க மாட்டேன். உரை சொல்கிறவர்கள் அந்த இடத்தில் பக்தியின் உறைப்பு என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். எனக்கு அந்தத் தயக்கம்தான் முக்கியம். காலில் அழுக்கு இருந்திருந்தால் கரகத்து நீர் போதும். தடையாக நின்றது அவள் நினைவில் இருந்த பழைய ஏவலாள். நாயனார் அதைக் கத்தியால் எடுக்கப் பார்த்தார். கை போனது, நினைவு போயிருக்குமா?

சீடர்: எது போக்கியிருக்கும்?

குரு: அந்த அடியார் ஒரு வார்த்தை பேசியிருந்தால் ஒருவேளை. 'அம்மா, உங்கள் வீட்டை விட்டு ஏன் போனேன் தெரியுமா?' என்று. சேக்கிழார் சில பாடல்களில் கதையை முடித்துவிடுகிறார், அந்த அடியாரின் குரல் அதில் இல்லை.

சீடர்: நான் எழுதலாமா? அவரும் அந்த அம்மாளும் பேசிக்கொள்வதாக. நாயனார் வெளித்திண்ணையில் இருக்கட்டும்.

குரு: எழுது. இருவருக்கும் நீதான் பெயர் வைக்க வேண்டியிருக்கும்.