காண்போன் கடன்

விலங்கை ஏறிச் செலுத்துவோன் ஒருவன். கரையில் நின்று காண்போன் மற்றொருவன். செலுத்துவோன் செய்வது தகுமா, தகாதா எனத் தீர்ப்புரைக்கும் உரிமை காண்போனுக்கு உண்டா? குதிரையின் முதுகில் ஒரு நாளேனும் அமர்ந்திராதவன் குதிரையின் வலியைப் பற்றிப் பேசலாமா? மேலெழுந்தவாரியாக நோக்குமிடத்து இது விளையாட்டைப் பற்றிய வினாவாகவே தோன்றும். ஆயின், அறத்தீர்ப்பு அறிவிலிருந்து பிறப்பதா, பற்றின்மையிலிருந்து பிறப்பதா என்னும் பழைய வினாவே இங்கு வேறு கோலத்தில் வந்து நிற்கிறது.

புத்தளக் கரையில் வளர்ந்தோருக்குக் குதிரையேற்றம் அயலான சங்கதி. கற்பிட்டித் தெருக்களில் திரியும் கழுதைகளே எமக்குப் பழக்கமானவை. எனவே அவ்விளையாட்டைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். 1912ஆம் ஆண்டு ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கிற் புகுந்த மும்முனைக் குதிரையேற்றப் போட்டி, படைக்குதிரையைச் சோதிக்கும் நோக்குடன் எழுந்தது. ஏறியவன் குறிப்பறிந்து குதிரை பணிந்து நடக்கிறதா என்பது ஒரு சோதனை. வெளிநிலத்திலே மரத்தடிகளையும் அகழிகளையும் நீர்நிலைகளையும் தாண்டி நெடுந்தூரம் ஓட வல்லதா என்பது அடுத்தது. அந்தக் களைப்பின் பின்னும் அரங்கிலே தடை தாண்டுமா என்பது இன்னொன்று. இவற்றுள் 'குறொஸ் கன்றி' எனப்படும் வெளிநில ஓட்டமே பார்வையாளரை ஈர்ப்பது; ஆபத்து மிகுந்ததும் அதுவே. ஏனெனில் அங்குள்ள தடைகள் பெரும்பாலும் நிலத்தில் ஊன்றி நிற்பவை; கால் பட்டவுடன் விழுந்துவிடுவன அல்ல. 1936ஆம் ஆண்டு பேர்லின் ஒலிம்பிக்கில் நீர்த்தடை ஒன்றிற் குதிரைகள் பல இடறின. அப்போட்டியில் மூன்று குதிரைகள் மாண்டன. 1999இல் பிரித்தானியாவில் ஒரே பருவத்தில் ஏறுவோர் ஐவர் உயிரிழந்தனர். அதன் பின்னரே, பலமாக மோதினாற் கழன்று விழும் ஊசிகள் பொருத்திய தடைகள் உருவாயின. மனிதர் மாண்ட பின்னரே மரம் இளகக் கற்றுக்கொண்டது என்று ஒருவர் கசந்து கூறின், அது முழுப்பொய் ஆகாது.

2021ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், டோக்கியோ ஒலிம்பிக்கின்போது, ஐந்து நாள் இடைவெளியில் நிகழ்ந்த இரு சம்பவங்கள் நமது வினாவைக் கூர்மையாக்குகின்றன. ஓகஸ்ட் 1ஆம் திகதி, சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த 'ஜெற் செற்' என்னும் பதினான்கு வயதுக் குதிரை வெளிநில ஓட்டத்தின் இறுதிப் பகுதியில் நொண்டியது. குளம்புக்குச் சற்று மேலே தசைநார் சீர்செய்ய முடியாதவாறு கிழிந்திருந்தமையால் அது கருணைக்கொலை செய்யப்பட்டது. அதனை யாரும் அடிக்கவில்லை. ஏறியவர் கண்ணீர் வடித்தார். ஓகஸ்ட் 6ஆம் திகதி, நவீன ஐந்திறப் போட்டியில் 'செயின்ற் போய்' என்னும் குதிரை தாண்ட மறுத்து நின்றது. அப்போட்டியிற் குதிரை சீட்டிழுப்பு மூலம் கிடைப்பது. ஏறுபவர் அதனைப் பழகிக்கொள்ளச் சில நிமிடங்களே உண்டு. முன்னணியில் இருந்த ஜேர்மனிய வீராங்கனை அழுதவாறே சவுக்கைப் பயன்படுத்தினார். பயிற்றுநர் வேலிக்கு அப்பாலிருந்து குதிரையைக் கைமுட்டியாற் குத்தினார். கொள்ளைநோய் காரணமாக அரங்குகள் வெறுமையாய்க் கிடந்தன. எனினும் உலகம் அதனைத் தொலைக்காட்சியிற் கண்டு கொதித்தது. பயிற்றுநர் எஞ்சிய போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டார். 2024 பாரிஸ் போட்டிகளோடு ஐந்திறப் போட்டியிலிருந்து குதிரையேற்றமே நீக்கப்பட்டது.

இங்கு ஆராயத்தக்கது யாது? முதலாவது சம்பவத்தில் ஓர் உயிர் போயிற்று. இரண்டாவதில் உயிர் போகவில்லை. எனினும் உலகை உலுக்கியது இரண்டாவதே. வெளிநில ஓட்டம் இன்றும் தொடர்கிறது. ஐந்திறப் போட்டியிற் குதிரைக்கு இடமில்லை. காண்போன் துன்பத்தைத் தண்டிக்கவில்லை, கொடுமையைத் தண்டித்தான். ஓங்கிய கை அவன் கண்ணுக்குத் தெரிந்தது; கிழிந்த நார் தெரியவில்லை. கொடுமை என்பது செய்வோன் மனத்தைப் பற்றியது. துன்பம் என்பது படுவோன் உடலைப் பற்றியது. விலங்கை வதைப்பவன் மனிதரிடத்தும் கல்மனத்தனாவான் என்று கான்ற் கருதினார். அவர் நோக்கு வதைப்பவன் மீதே இருந்தது. மாறாக, பகுத்தறிவோ பேச்சோ அன்று, துன்புறும் இயல்பே கருதற்குரியது என்று 1789இல் வெளிவந்த நூலிற் பெந்தம் எழுதினார். டோக்கியோவைக் கண்டோரிற் பெரும்பாலோர், தாம் அறியாமலே, கான்றின் மாணாக்கராய் இருந்தனர் என்றே கூறத் தோன்றுகிறது.

இவ்விடத்திற்றான் ஏறுவோர் தமது வாதத்தை முன்வைக்கின்றனர். "நீங்கள் காண்பது சில விநாடிகள், நாம் குதிரையோடு ஆண்டுக்கணக்காக வாழ்கிறோம். ஐந்நூறு கிலோ எடையுள்ள விலங்கை அதன் விருப்பின்றி யார் தாண்டச் செய்ய முடியும்?" என்பது அவர்தம் கூற்று. இதனை எளிதிற் புறந்தள்ள இயலாது. காதுகளின் சாய்வு, மூச்சின் வேகம், கழுத்தின் விறைப்பு ஆகியவற்றின் பொருள் அவர்களுக்கே நன்கு விளங்கும். ஆனால் விருப்பு என்னும் சொல்லை அவர்கள் சற்று மலிவாகவே கையாளுகின்றனர். ஓட விரும்புவது வேறு. ஓட்டத்தின் விலையை அறிந்து அதற்கு இசைவது வேறு. 1999இல் மாண்ட ஐவரும் ஆபத்தை அறிந்தே ஏறினர். 'ஜெற் செற்' அறிந்ததாகக் கூற யாராலும் இயலாது. மேலும், மிக அறிந்தவனே மிகுந்த பற்றுடையவனாகவும் இருக்கிறான். பதக்கமும் விலையும் பெயரும் அவன் கண்ணுக்கு முன்னே நிற்கின்றன.

இது அயல்நாட்டாருக்கு மட்டும் உரிய குறையன்று. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் நடைபெறும் மாட்டுவண்டிச் சவாரியை எடுத்துக்கொள்வோம். சவாரித் திடலின் இருமருங்கும் நிற்போர் விடயம் அறியாதவரல்லர். குரலாலே காளையை எழுப்பும் சாரதி யார், ஆணி வைத்த தடியால் எழுப்புபவர் யார் என்பதை அவர்கள் நொடியிற் பிரித்தறிவர். அறிந்தும் வாளாவிருப்பர், தம்மூர்ச் சோடி முந்தும்போது ஆரவாரிப்பர். அறிவு அவர்களிடம் உண்டு, பற்றின்மைதான் இல்லை. நகரத்திலிருந்து வந்து கண்டிக்கும் விருந்தாளியிடம் பற்றின்மை உண்டு, அறிவு இல்லை. இருவரையும் ஓராளாக்க முடிந்தால் எத்துணை நன்றாயிருக்கும்!

மனுநீதிச் சோழன் கதையில் கன்றை இழந்த பசு தானே மணியை அசைத்தது. கதையில் அது இயலும். நடைமுறையில் விலங்குக்காக மணியசைக்க யாரேனும் ஒரு மனிதன் வேண்டும். இலங்கையில் அதற்கென 1907ஆம் ஆண்டிலேயே மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அதனிடத்தில் வைப்பதற்கு ஒரு புதிய விலங்கு நலச் சட்டவரைவைச் சட்ட ஆணைக்குழு 2006இல் ஆக்கியளித்தது. சட்டம் நிற்க. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அசோகன் பொறித்த முதலாம் பெரும்பாறைக் கல்வெட்டு, உயிர்ப்பலியை விலக்குவதோடு 'சமாஜம்' எனப்படும் விழாக்கூட்டத்தையும் விலக்கியது என்பது மனங்கொளத்தக்கது. கொல்வோனை மட்டுமன்றிக் கூட்டத்தையும் அம்மன்னன் ஏன் கருதினான்? கூட்டம் இன்றேல் காட்சி இல்லை என்பதை அவன் உணர்ந்திருத்தல் கூடும். இங்கேயே எமது வினாவுக்கு விடையின் ஒரு பாதி கிடைக்கிறது. காண்போன் பேசும் உரிமையைப் பெறுவது அறிவினாலன்று. அக்காட்சி அவன்பொருட்டு நடத்தப்படுவதாலேயே ஆகும். தன்பொருட்டுச் செய்யப்படும் ஒன்றைப் பற்றி ஒருவன் வாய்திறக்கக் கூடாதெனின், பின் யார்தான் திறப்பது?

மறு பாதியைக் கற்பிட்டிக் கடலிலே காணலாம். 2009இல் யுத்தம் முடிவுற்ற பின்னர், டொல்பின் என்று நாம் வழங்கும் ஓங்கில்களைக் காண்பதற்குக் கற்பிட்டிக்கு வருவோர் தொகை பெருகியது. ஏறத்தாழ நவம்பர் முதல் ஏப்பிரல் வரை, கடல் அமைதியாயிருக்கும் காலையிலே, வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய பைபர் படகுகள் பயணிகளை ஏற்றிச் செல்கின்றன. மேலெழுந்து தன்னைத்தானே சுழற்றி விழும் சுழல் ஓங்கிலே அங்கு பெரிதும் காணப்படுவது. அது துள்ளும்போது படகெங்கும் மகிழ்ச்சிக் கூச்சல். அங்கே சவுக்கு இல்லை, ஆணி இல்லை, குருதி இல்லை. எனினும் இவ்வினம் இரவில் வேட்டையாடிப் பகலில் ஓய்வது. அதன் பகலோய்வு குலைவதைக் கருதியே அமெரிக்க அரசு 2021இல் ஹவாய்த் தீவுகளையடுத்த கடலில் ஐம்பது யார் தூரத்துக்குள் அதனை அணுகலாகாதென விதித்தது. எமது நாட்டிலும் கடல்வாழ் முலையூட்டிகளை அவதானிப்பது பற்றிய ஒழுங்குவிதிகள் 2012இல் ஆக்கப்பட்டன. ஆனால் கூட்டத்தைப் பல படகுகள் சூழும்போது, துள்ளலைக் கண்டு கைதட்டுவோனுக்கு அது களிப்பா, கலக்கமா என்று எவ்வாறு தெரியும்? டோக்கியோவில் ஓங்கிய கையைக் கண்டு வெகுண்டவன் இங்கே வெகுள எதுவுமில்லை. அவன் கண்ணுக்கு எட்டியது அழகு மட்டுமே.

படகோட்டியைக் குறைகூறி நிறுத்திவிடுவது எளிது; நியாயமன்று. அவர் மீனவர், வலையில் மீன் குறைந்த நாளிற் குடும்பத்தைக் காப்பது இவ்வருவாய். தூரத்தில் இயந்திரத்தை நிறுத்திக் காத்திருக்கும் படகில் ஏறியோர் முணுமுணுப்பர். நெருங்கிச் சென்ற படகின் படங்களைப் பார்த்து ஏங்குவர். மறுமுறை அந்தப் படகையே நாடுவர். குதிரைப் பந்தயத்தில் ஏறுவோன் வேறு, காண்போன் வேறு. இங்கோ பயணச்சீட்டு வாங்கியவன் காண்போனாகவும் செலுத்துவோனாகவும் ஒருங்கே இருக்கிறான். சுக்கான் மட்டுமே பிறர் கையில். "இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்கோ அண்ணை" என்னும் வேண்டுகோளுக்குச் சவுக்கின் ஓசை இல்லை என்பதுதான் வேறுபாடு.

காண்போரே அற்ற விலங்குகளின் நிலை வேறு. முன்னாளிற் பொதி சுமந்து, பின் வண்டிகளும் லொறிகளும் வரவே கைவிடப்பட்ட கழுதைகளின் வழிவந்தவை புத்தளத்திலும் கற்பிட்டியிலும் குப்பைமேடுகளை மேய்கின்றன. ஒலிம்பிக் குதிரை வீழ்ந்தால் மருத்துவர் ஓடோடி வருவார். வாகனம் மோதி வீதியோரத்திற் கிடக்கும் கழுதையைச் சுற்றி வண்டிகள் விலகிச் செல்கின்றன. அதனைக் காண யாரும் பணம் கொடுக்கவில்லை. ஆகவே அதைப் பற்றிக் கருத்துரைக்கும் உரிமை யாருக்கு என்ற தர்க்கமும் இதுவரை எழவில்லை.