கையில் சேர வேண்டிய தாள்

தவக்காலம் 4ஆம் வாரம், சனிக்கிழமை
நற்செய்தி: யோவான் 7:40-53



இன்றைய நற்செய்தியைக் கேட்டதும் நம் மனம் நேரே நிக்கதேமிடம் போய்விடும். அவர் வாய் திறப்பதற்கு முன்னால் அங்கே வந்து நிற்கிற காவலர்களையும் இன்று பார்ப்போம். இயேசுவைப் பிடித்துவரச் சொல்லித் தலைமைக் குருக்களும் பரிசேயரும் அனுப்பிய ஆட்கள் அவர்கள். போனார்கள், கூட்டத்தில் நின்றார்கள், அவர் பேசியதைக் கேட்டார்கள், வெறுங்கையோடு திரும்பினார்கள். ஏன் கொண்டுவரவில்லை என்று மேலிடம் அதட்டுகிறது. கூட்டம் அதிகம், ஆள் அகப்படவில்லை என்று ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. இந்த மனிதரைப்போல எவரும் பேசிக் கேட்டதில்லை என்று உள்ளதைச் சொன்னார்கள், அதற்காக ஏச்சும் வாங்கினார்கள்.

அந்தக் காவலர்களைப்போல அனுப்பப்பட்டுப் போகிறவர்கள் நம்மிடையேயும் உண்டு. நம் பக்கத்தில் நீதிமன்றத் தாளைச் சுமந்துபோகிறவரை அமீனா என்கிறோம்.  இதைச் செய்வது பெரும்பாலும் நீதிமன்ற ஊழியரும் தபால்காரரும்தான். மேலூரிலும் உசிலம்பட்டியிலும் திருமங்கலத்திலும் சித்திரை வெயிலில் தெருத்தெருவாகப் பேர் சொல்லி விசாரித்துப் போகிறவர் அவர்.

அவரைக் கண்டதும் தெரு என்ன செய்கிறது என்று உங்களுக்குத் தெரியும். திண்ணையில் இருந்தவர் எழுந்து உள்ளே போகிறார். அந்தப் பேரில் இங்கே யாரும் இல்லை என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். தாய் வாசலை மறித்து நின்று, மகன் திருப்பூருக்கு வேலைக்குப் போய் மாதக் கணக்காகிறது என்கிறார். மகன் பின்கட்டில் இருக்கிறான். பிள்ளையைக் காப்பாற்றுவதாக அந்தத் தாய் நினைக்கிறார். பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய பொய்யாக இது யாருக்கும் தோன்றுவதில்லை.

அந்தத் தாளில் என்ன இருக்கிறது? பல நேரம் ஒரு மனைவியும் அவள் பிள்ளைகளும் கேட்கிற ஜீவனாம்சம். இடைக்கால ஜீவனாம்ச மனுவைக் கூடுமானவரை 60 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த 60 நாள், மனுப் போட்ட அன்று தொடங்குவதில்லை. நோட்டீஸ் எதிர்த்தரப்புக்குச் சேர்ந்த அன்றுதான் தொடங்குகிறது. வாசலில் சொன்ன ஒரு பொய் அந்தக் கணக்கைத் தொடங்கவே விடாமல் நிறுத்துகிறது. நிறுத்தப்படுவது யாருடைய சாப்பாடு? பொய் சொன்ன அந்தத் தாயின் பேரப்பிள்ளையுடையது. ஜீவனாம்சத்தை மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்தே கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும் என்று 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே ஒளிவதால் கடன் அழியாது, ஏறும். ஆனால் என்றைக்கோ வரப்போகிற நிலுவைப் பணத்தை வைத்து இந்த மாதப் பள்ளிக்கூடக் கட்டணத்தைக் கட்ட முடியுமா?

இதைவிடக் கொடிய காரியம் இன்னொன்று உண்டு. தாள் போய்ச் சேரக்கூடாது என்று வழக்குப் போட்டவரே நினைப்பது. மனைவி தாய்வீட்டில் இருக்கிறாள் என்று நன்றாகத் தெரியும். மனுவில் அவள் விலாசமாகத் தன் வீட்டையே எழுதுகிறார் கணவர். சம்மன் அங்கே வருகிறது. அவள் வாங்க மறுத்ததாகச் சொல்லப்படுகிறது. கதவில் ஒட்டுகிறார்கள். அவள் பார்க்காத ஒரு பத்திரிகையில் விளம்பரம் வருகிறது. அடுத்த வாய்தாவில் அவள் பேரை மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு எக்ஸ்பார்ட்டி, அதாவது அவள் வராமலே ஒருதலைப்பட்சமாக, என்று எழுதுகிறார்கள். விவாகரத்து ஆகிவிட்டதே அவளுக்கு யாரோ சொல்லித்தான் தெரிகிறது. சம்மன் முறையாகச் சேரவில்லை என்று காட்டினால் அந்தத் தீர்ப்பை நீக்கலாம். அதற்குள் அவள் எத்தனை படி ஏறி இறங்க வேண்டும்!

நிக்கதேம் கேட்டது இதைத்தான். ஒருவரின் வாய்மொழியைக் கேட்காமல், அவர் செய்தது என்னவென்று அறியாமல், நம் சட்டம் தீர்ப்பிடுமா என்று கேட்டார். அதற்கு அவர்கள் கொடுத்த பதிலைக் கவனியுங்கள். கலிலேயாவிலிருந்து இறைவாக்கினர் யாரும் தோன்றுவதில்லை என்றார்கள். இயேசுவின் ஊரையே அவர்கள் தப்பாக எழுதி வைத்திருந்தார்கள். அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பெத்லகேம் என்று தெரிந்திருக்கும்.

கேட்காமல் கொடுத்த தீர்ப்பு என்ன செய்யும் என்பதை மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோவலனிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. கண்ணகியை யாரும் அழைத்து அனுப்பவில்லை. அவளாக அரண்மனை வாசலுக்கு வந்தபோது காலம் கடந்திருந்தது.

மோசேயின் சட்டத்தைப் பாருங்கள். இணைச்சட்டம் 24ஆம் அதிகாரம், மனைவியை விலக்குகிறவன் முறிவுச் சீட்டை எழுதி அவள் கையில் கொடுக்க வேண்டும் என்கிறது. மக்களின் கடின உள்ளத்தை முன்னிட்டு வந்த அனுமதி அது என்று ஆண்டவர் இயேசு சொன்னார். கடின உள்ளத்துக்காக இறங்கிவந்த அந்தச் சட்டமும், அவளுக்குத் தெரியாமல் விலக்கிவிட இடம் கொடுக்கவில்லை.

தாளைப் பெண்ணின் கையிலும் கொடுக்கலாம் என்ற இடத்துக்கு நம் நாட்டுச் சட்டம் மெல்லத்தான் வந்தது. ஆள் வீட்டில் இல்லாவிட்டால் சம்மனைக் குடும்பத்திலுள்ள வயதுவந்த ஆணிடம் கொடுக்கலாம் என்றுதான் சிவில் நடைமுறைச் சட்டத்தில் இருந்தது. ஆணோ பெண்ணோ என்று 1976 திருத்தம்தான் மாற்றியது. குற்ற வழக்குச் சம்மனில் அந்த மாற்றம் 2024 ஜூலை 1 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகே வந்தது. வீட்டிலிருந்த பெண்ணின் கையை இத்தனை காலம் ஒரு கையாக எண்ணவில்லை என்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

திருச்சபையும் இந்தக் கடமையை ஏற்றிருக்கிறது. திருமணம் செல்லாது என்று அறிவிக்கக் கேட்டு ஒருவர் மறைமாவட்டத் தீர்ப்பாயத்துக்குப் போனால் மற்றவருக்கு அழைப்பு போக வேண்டும். அது முறையாக எட்டாவிட்டால் நடவடிக்கைகள் செல்லாது என்கிறது திருச்சபைச் சட்டம் 1511. வாங்க மறுக்கிறவரை அழைக்கப்பட்டவராகவே கொள்ளலாம் என்கிறது அதற்கு முந்திய சட்டம். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் இந்த வழக்குகளை விரைவுபடுத்தினார். மற்றவருக்குத் தெரிவிப்பதை மட்டும் அவர் விட்டுவிடவில்லை.

இந்தக் கோவிலில் நீதிமன்றப் பணியாளர்களும் தபால்காரர்களும் இருக்கிறீர்கள். எந்த நாள், எந்த நேரம், எப்படிக் கொடுத்தேன், ஆளை அடையாளம் காட்டியவர் யார் என்று சம்மனோடு நீங்கள் எழுதித் திருப்புகிற நாலு வரியை நம்பித்தான் நீதிபதி மேலே போகிறார். போகாத வீட்டைப் பூட்டியிருந்தது என்று எழுதாதீர்கள். அந்தக் காவலர்களைப்போல, ஏச்சு விழுந்தாலும் கண்டதை எழுதுங்கள்.

மற்ற எல்லாருக்கும் சொல்கிறேன். அமீனா வந்தால் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுங்கள். அவர் சண்டை கொண்டுவரவில்லை, செய்தி கொண்டுவருகிறார். கையெழுத்துப் போட்டு வாங்குவதால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது; செய்தி சேர்ந்தது என்று மட்டும்தான் பொருள். மகனுக்கோ மருமகளுக்கோ வந்த தாளை வாங்கினால் அன்றைக்கே அவர்களிடம் சேருங்கள், அரிசிப் பானைக்கு அடியில் வைக்காதீர்கள். வழக்கு எண்ணையும் வாய்தா தேதியையும் பார்த்துக்கொண்டு அந்த நாளில் போய் நில்லுங்கள். 1984ஆம் ஆண்டு குடும்பநல நீதிமன்றச் சட்டம், இருவரையும் இணக்கத்துக்குக் கொண்டுவர முதலில் முயலும்படி நீதிபதிக்குக் கடமை வைத்திருக்கிறது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தால்தானே அது நடக்கும்? வக்கீல் வைக்க வசதியில்லாத பெண்கள் கலங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் அமர்த்தித் தரும். 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

பிரிக்காத உறை யாராவது வீட்டில் இருக்கலாம். திருப்பலி முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு பங்கு அலுவலகத்துக்கு வாருங்கள். நான் அங்கே இருப்பேன். சேர்ந்து வாசித்து, எந்தத் தேதிக்கு எந்த நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று பார்ப்போம். தனியாகப் போகப் பயமாக இருந்தால் நம் அன்பியத்திலிருந்து ஒருவரைக் கூட அனுப்புகிறேன்.