யாருடைய நாய்?

சிலமலையில் நான் தங்கியிருந்த வீட்டுத் திண்ணைக்கு ஒவ்வோர் இரவும் ஒரு செவலை நாய் வரும். மிஞ்சிய சோற்றை ஓர் இலையில் வைப்பேன். அது தின்று முடித்து வாலை ஆட்டும். வாயில்லாச் சீவனுக்கு ஒரு பிடி சோறு போட்டோம் என்ற நிறைவோடு நானும் படுத்துக்கொள்வேன். தருமம் இவ்வளவு எளிதா என்று ஒருநாளும் நான் சந்தேகித்ததில்லை.

ஒரு மாலை அந்த நாய் எதிர்வீட்டுச் சிறுமியின் கெண்டைக்காலைக் கடித்துவிட்டது. அவளுடைய தாய் விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவள். வேலை முடிந்து இறங்கி வந்தவள், மகளைத் தூக்கிக்கொண்டு என் வாசலில் நின்றாள்.

"ஐயா, உங்க நாய்தானே?"

"என் நாயா? அது தெரு நாய் அம்மா!" என்றேன்.

அவள் கோபிக்கவில்லை. "அப்ப ராத்திரி ராத்திரி சோறு வச்சது யாருக்குங்கய்யா?" என்று மட்டும் கேட்டாள்.

வாசகர்களே, என் கதைகளில் எத்தனையோ பாத்திரங்களைப் பொய் பேச வைத்திருக்கிறேன். இவ்வளவு விரைவாக அவர்களில் ஒருவரும் பேசியதில்லை.

புண்ணைச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் நீரில் கழுவிவிட்டு, போடி மருத்துவமனைக்கு ஓடினோம். மருத்துவர் கேட்டார்: "நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதா?" தாய் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

குழந்தைக்கு அன்று ஓர் ஊசி. பிறகு 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள். ஊசிக்குக் காசில்லை. ஆனால் அந்த நாட்களில் தாய்க்குக் கூலியும் இல்லை. நாயை 10 நாள் கவனித்து வரச் சொன்னார்கள். எச்சிலில் வெறிநோய்க் கிருமி வந்துவிட்ட நாய், அதற்குள் நோயைக் காட்டிவிடுமாம். அந்தப் பத்து நாளும் நான் எழுதவில்லை. நாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

1885-இல் பாரிசில் பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதல் ஊசியைப் போடச் செய்தார். 1907-இல் நம் குன்னூரிலேயே அவர் பெயரால் ஒரு நிலையம் தொடங்கியது. தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசிகளைச் சொல்லிப் பெரியவர்கள் நம்மைப் பயமுறுத்தினார்களே, அந்தக் காலமும் போய்விட்டது. ஒன்று மட்டும் மாறவில்லை. நோய்க்குறி தோன்றிய பிறகு கைகொடுக்கும் மருந்து இன்றும் இல்லை எனலாம். வருமுன் காத்தால்தான் உண்டு.

நாய்களைக் கொன்றுவிடு என்கிறார்கள் சிலர். ஒன்றைக் கொன்றால் அந்த இடத்துக்கு வேறொன்று வருகிறது. நூற்றுக்கு எழுபது நாய்களுக்காவது ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டால் நோயின் சங்கிலி அறுந்துவிடும் என்கிறார்கள் அறிஞர்கள். குடற்புழு மருந்தும் அப்படித்தான். நாயின் வயிற்றுப் புழு முட்டைகள் மண்ணில் கலந்து, அதில் விளையாடும் குழந்தைகளைச் சேர்கின்றன.

சோறு போடுகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும். ஆனால் சோறு போட்டால் நாய் வாலாட்டுகிறது. ஊசி போட வேண்டுமானால் அதைத் துரத்திப் பிடிக்க வேண்டும்; கயிறு கட்ட வேண்டும்; அது நம்மைப் பகைவனாகப் பார்க்கும். நன்றி கிடைக்கிற இடம்வரை போய் நின்றுவிடுகிறது நம் அன்பு. திருடனைக் கண்டு குரைத்தால் 'நம்ம நாய்'. குழந்தையைக் கடித்தால் 'தெரு நாய்'. உறவு கொண்டாடுவதற்கும் பொறுப்பேற்பதற்கும் நடுவே இத்தனை தூரத்தை வைத்துக்கொண்டு, அதற்குக் கருணை என்று பெயரிட்டிருக்கிறோம்.

தாயிடம் இழந்த கூலியைக் கொடுக்கப் போனேன். "பணம் கிடக்கட்டுங்கய்யா. நாய்க்கு ஊசியப் போடுங்க. தெருவுல இன்னும் பிள்ளைக இருக்குல்ல?" என்றாள்.

பத்து நாள் கழிந்தது. நாய்க்கு ஒன்றும் நேரவில்லை. பதினோராம் நாள் இரண்டு இளைஞர்களின் துணையோடு அதைப் பிடித்துக் கட்டி, கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய் ஊசி போட்டு, புழு மருந்தும் கொடுத்தேன். அடுத்த ஆண்டு அதே தேதியை நாட்குறிப்பில் எழுதிவைத்தேன்.

கட்டிப் பிடித்த கோபத்தில் மூன்று இரவுகள் அது என் திண்ணைப் பக்கமே வரவில்லை. வைத்த சோறு இலையிலேயே காய்ந்தது. அந்த மூன்று இரவுகளில்தான், அது என் நாய் என்று சொல்ல எனக்கு வாய் வந்தது.