பிரசாதத்துக்கும் பொழுது உண்டு

பிரதோஷ தரிசனம் முடிந்து, தொன்னையில் வாங்கிய தயிர்சாதத்தைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டு வருகிறீர்கள். மணி ஏழு. பிள்ளை டியூஷனில் இருக்கிறான். கணவர் வர ஒன்பதரை ஆகும். 'அவர்களுக்கும் ஒரு வாய் கிடைக்கட்டுமே' என்று பூஜையறையில் வைத்து விடுகிறீர்கள். மனசு என்னவோ நல்ல மனசுதான். ஆனால், அந்தச் சாதம் மத்தியானமே வடித்ததாயிற்றே, அம்மா!

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. ஒரு நவராத்திரியில் தேங்காய் தூவிய சுண்டல் மிஞ்சிவிட்டது. அம்பாளுக்குப் படைத்ததைக் கொட்டலாமா என்று, மறுநாள் காலையில் சூடு பண்ணிக் குழந்தைக்குக் கொடுத்தோம். சாயங்காலத்துக்குள் வாந்தி, பேதி. டிரிப்ஸ் ஏறுகிற அந்தச் சின்னக் கையைப் பார்த்துக்கொண்டே அம்பாளை வேண்டினோம். அவள்தான் நமக்கு மூக்கையும் நாக்கையும் கொடுத்திருக்கிறாளே, நாம் கேட்டோமா?

கீதையின் 17-வது அத்தியாயத்தில் கண்ணன் ஆகாரத்தைப் பிரித்துச் சொல்கிறான். சமைத்து யாமம் கடந்ததும், வாடை வந்ததும், பழையதும் தாமஸம். யாமம் என்றால் மூன்று மணி நேரம். இன்றைய உணவு வல்லுநர்கள் இன்னும் கறார்: சமைத்தது வெளியே இருக்கலாம் என்பது 2 மணி நேரம்தான், வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம். சித்திரை மாதத்து சென்னையை நினைத்துக்கொள்ளுங்கள்.

'கொதிக்க வைத்தால் சரியாகிவிடாதா?' என்பீர்கள். ஆகாது. அரிசியில் உள்ள ஒருவகைக் கிருமியின் வித்து, சாதம் வேகும்போதும் சாவதில்லை. ஆறிக் கிடக்கையில் முளைத்து விஷத்தைக் கக்கும். அந்த விஷம் மறுபடி சூடு பண்ணினாலும் போகாது.

அப்படியானால் பழநி பஞ்சாமிர்தம் எப்படி நிற்கிறது? அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. சர்க்கரையும் தேனும் பழத்தின் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அதையே வீட்டில் அபிஷேகப் பாலோடு கலந்துவிட்டால், அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். ஆஞ்சநேயர் வடைமாலையில் வெங்காயம் கிடையாது. மிளகு சேர்த்து, மெல்லிசாகத் தட்டி, ஈரம் போகப் பொரிக்கிறார்கள். அதனால் தாங்குகிறது. புளியோதரைக்குப் புளிப்பும் நல்லெண்ணெயும் காவல். வெண்பொங்கலுக்கும் அக்காரவடிசலுக்கும் அந்தக் காவல் இல்லை. தேங்காய் சேர்ந்ததோ முதலில் ஊசிப்போகும்.

பிரிட்ஜ் இருக்கிறதே என்றால், செய்த சூடு தணிந்ததும் வைத்ததற்குத்தான் அது உதவும். நாலு மணி நேரம் வெளியே கிடந்ததை உள்ளே வைத்தால், கெட்டது குளிர்ந்து கிடக்கும், அவ்வளவே.

இன்னொன்று, கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். நம் பிள்ளைக்குத் தரத் தயங்குகிற பொங்கலை, வேலைக்கு வருகிற அம்மாவிடம் 'பிரசாதம், எடுத்துட்டுப் போ' என்று நீட்டுகிறோமே, அது தானமா? அவள் வீட்டிலும் குழந்தை இருக்கிறது. சுடச்சுட இருக்கும்போதே, முதல் பங்காகக் கொடுங்கள்.

கெட்டுப் போனது தெரிந்தால் குற்ற உணர்ச்சி வேண்டாம். பசுவுக்கும் வைக்காதீர்கள், புளித்த சோறு அதன் வயிற்றுக்கும் ஆகாது. கால்படாத இடத்தில் மண்ணைத் தோண்டி மூடிவிடுங்கள்.

அடுத்த பிரதோஷத்துக்கு டியூஷனுக்கு ஒருநாள் லீவு சொல்லி, பிள்ளையையும் அழைத்துப் போங்கள். பிராகாரத்திலேயே உட்கார்ந்து இருவரும் அந்தத் தொன்னையைக் காலி செய்யுங்கள். கணவருக்குத் திருநீறு மடித்துக்கொண்டு வந்தால் போதும்.