நன்றியும் நடுவுநிலைமையும்

தேசத்தைப் பெரும் ஆபத்திலிருந்து மீட்டவர் என்று தான் மனமாரப் போற்றிய தலைவரையே, அந்த ஆபத்து நீங்கிய சில மாதங்களுக்குள் பதவியிலிருந்து இறக்கிவிடுகிற ஒரு ஜனசமூகம் பாவம் செய்ததாகுமா என்ற கேள்வி, அரசியல் அலசுவோரைவிடத் தர்ம விசாரம் செய்வோருக்கே அதிகம் உரியது. விலைவாசி, வேலையின்மை, கட்சிப் பூசல் என்று தோல்விக்குக் காரணம் கண்டுபிடிப்பது கடினமன்று. காரணம் வேறு, நியாயம் வேறு. எந்தப் பாவத்துக்கும் பிராயச்சித்தம் உண்டு, செய்ந்நன்றி மறந்த பாவத்துக்கு மட்டும் இல்லை என்று பால்யத்திலேயே கற்பிக்கப்பட்ட நம்மைப் போன்றவர்களுக்கு, வாக்குச்சீட்டால் ஒரு மீட்பரை வீட்டுக்கு அனுப்பும் காட்சி எளிதில் ஜீரணமாவதில்லை.

இதற்கு 1945-ஆம் ஆண்டு பிரிட்டனைக் காட்டிலும் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1940 மே 10-ஆம் தேதி, ஐரோப்பா முழுவதும் ஹிட்லரின் படைகளுக்கு முன் சரிந்துகொண்டிருந்த வேளையில் பிரதம மந்திரியான வின்ஸ்டன் சர்ச்சில், ஐந்து ஆண்டுகள் அந்த ஜனங்களின் நெஞ்சுரமாகவே இருந்தார். 1945 மே 8 அன்று வெற்றி கொண்டாடப்பட்டது. ஜூலை 5-ஆம் தேதி வாக்குப்பதிவு நடந்தது. கடல் கடந்து நின்ற சிப்பாய்களின் வாக்குகள் வந்து சேர வேண்டியிருந்தமையால் பெட்டிகள் மூன்று வாரம் திறக்கப்படாமல் இருந்தன. ஜூலை 26-இல் எண்ணி முடித்தபோது 640 ஸ்தானங்களில் தொழிற்கட்சிக்கு 393 கிடைத்திருந்தது. ஸ்டாலினோடும் ட்ரூமனோடும் உலகின் எதிர்காலத்தைப் பேசிக்கொண்டிருந்த போட்ஸ்டாம் மகாநாட்டை நடுவில் விட்டு முடிவறிய லண்டன் வந்திருந்த சர்ச்சில் மறுபடி அங்கே போகவில்லை. அவருக்குப் பதில் தொழிற்கட்சித் தலைவர் கிளெமென்ட் ஆட்லி போனார். சர்ச்சில் நின்ற உட்ஃபோர்டு தொகுதியில் அவரை எதிர்த்துத் தொழிற்கட்சியும் லிபரல் கட்சியும் வேட்பாளரையே நிறுத்தவில்லை. அப்படியிருந்தும், நாடறியாத ஒரு சுயேச்சைக்கு அங்கே 10,000-க்கு மேற்பட்ட வாக்குகள் விழுந்தன.

அந்தத் தேர்தலுக்கு முந்தைய நாட்களில் சர்ச்சில் மோட்டாரில் போன வீதிகளிலெல்லாம் ஜனங்கள் திரண்டு நின்று ஆரவாரம் செய்தார்கள் என்பதுதான் நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம். அந்த ஆரவாரம் வேஷமன்று. அப்படி ஆரவாரித்தவர்களிலேயே பலர் பிறகு எதிர்த்து வாக்களித்ததும் துரோகமன்று. முந்தைய மகாயுத்தம் முடிந்த 1918-இல், போர்வீரர்களுக்கேற்ற வீடுகள் கட்டித் தருவதாக அப்போதைய பிரதம மந்திரி லாயிட் ஜார்ஜ் வாக்களித்ததையும், பின்னர் அந்த வீரர்களே வேலையின்றி வரிசையில் நின்றதையும் அவர்கள் மறக்கவில்லை. நோயிலும் முதுமையிலும் வேலையற்ற காலத்திலும் குடிமகனைத் தாங்கும் ஏற்பாடொன்றை 1942 டிசம்பரில் பெவரிட்ஜ் அறிக்கை வகுத்துக் காட்டியிருந்தது; ஓர் அரசாங்க அறிக்கையை ஜனங்கள் லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிப் படித்தார்கள் என்றால், அவர்களுடைய தாபம் எத்தகையது என்று சொல்ல வேண்டியதில்லை. சர்ச்சிலோ ஜூன் 4-ஆம் தேதி வானொலியில் பேசுகையில், சோஷலிஸ்டுகள் ஆட்சிக்கு வந்தால் ஹிட்லரின் ரகசியப் போலீஸான கெஸ்டாபோவைப் போன்ற ஏதோவொன்றின் துணையின்றி ஆள முடியாது என்றார். ஐந்து ஆண்டுகள் தம்முடன் ஒரே மந்திரிசபையில் தோளோடு தோள் நின்று உழைத்த ஆட்லி, பெவின் முதலான தொழிற்கட்சித் தலைவர்களைப் பற்றி அவர் அப்படிச் சொன்னது பலரை மனம் நோகச் செய்தது. (இந்தியர்களாகிய நமக்கு அவரிடமிருந்த மனக்கசப்பு வேறு; 1943-இல் வங்காளம் பட்டினியால் மடிந்ததை நாம் மறப்பதற்கில்லை. ஆனால் பிரிட்டிஷ் வாக்காளர் அதற்காக அவரைத் தண்டிக்கவில்லையாதலால், அவர்களுடைய நியாயத்தை அவர்களுடைய நிலையில் நின்றே ஆராய வேண்டும்.)

அவர்கள் செய்தது நன்றிகெட்ட செயல்தானா? இதற்கு விடை தேடி நான் திருக்குறளின் அதிகார வைப்பு முறைக்குத்தான் போகிறேன். செய்ந்நன்றியறிதல் 11-ஆவது அதிகாரம். அதை அடுத்து வருவது நடுவுநிலைமை. ஏன் இந்த வரிசை என்பதற்கு உரையாசிரியர் பரிமேலழகர் காட்டும் காரணம் ஆழ்ந்த சிந்தனைக்குரியது: தமக்கு நன்மை செய்தவரிடத்து அந்த நன்மையை நினைக்கும்போது ஒருவருடைய நடுவுநிலைமை சிதையக்கூடும், அந்த இடத்திலும் அது சிதையலாகாது என்பதற்காகவே வள்ளுவர் இதை அதன் பின் வைத்தார் என்கிறார் அவர். அதாவது, நடுவுநிலைமைக்குப் பகையாவன வெறுப்பும் லோபமும் மட்டுமல்ல. உத்தமமான நன்றியுணர்ச்சியே சில சமயம் அதற்கு இடையூறாகும் என்று கண்டு, நன்றியை உபதேசித்த கையோடு அதற்கு ஓர் எல்லையையும் வகுத்தது தமிழ் அறநூல்.

அந்த எல்லை எங்கே இருக்கிறது? ஒருவன் தன் நன்றிக் கடனைத் தன் பொருளால், தன் உழைப்பால், வேண்டுமானால் தன் உயிரால் தீர்க்கலாம். பிறர் பொருளால் தீர்க்க அவனுக்கு அதிகாரமில்லை. தன்னை வெள்ளத்திலிருந்து காப்பாற்றியவனுக்குக் கோயில் நிலத்தை எழுதிக்கொடுக்கிற தர்மகர்த்தாவை நன்றியுள்ளவன் என்று நாம் கொண்டாட மாட்டோம். வாக்கும் அப்படிப்பட்டதே. வாக்குச்சீட்டு என் கையில் இருந்தாலும், அதன் விளைவு என்னோடு நிற்பதில்லை. என் அண்டை வீட்டாரும், வாக்களிக்கும் வயதை எட்டாத சிறுவர்களும், இனிப் பிறக்கப்போகிறவர்களும் அதை அனுபவிக்க வேண்டும். ஆகவே பதவி என்பது கடந்த காலச் சேவைக்குக் கொடுக்கும் கூலியாக ஒருபோதும் ஆகாது. வருங்காலப் பணிக்காக ஒப்படைக்கும் பொறுப்பு அது. தலைவருக்கு நாம் பட்ட கடன் நிஜமானது. அதை அன்பாலும், மரியாதையாலும், உண்மையான சரித்திரம் எழுதுவதாலும் செலுத்தலாம். ஆட்சியால் செலுத்தலாகாது. சர்ச்சிலே இதை ஒருவாறு உணர்ந்திருந்தார் என்று தோன்றுகிறது. ஜனங்களின் நன்றியின்மையைப் பற்றி அவருடைய வைத்தியர் மோரன் பிரபு குறைப்பட்டுக்கொண்டபோது, தாம் அதை அப்படிச் சொல்லப்போவதில்லை என்றும், அவர்கள் மிகவும் கஷ்டப்பட்டுவிட்டார்கள் என்றும் அவர் பதிலளித்ததை அந்த வைத்தியரின் நாட்குறிப்பு பதிவு செய்கிறது.

ஆயினும் எல்லா இடத்திலும் ஜனங்கள் இவ்வளவு சாந்தமாகத் திரும்புவதில்லை. 1957 மார்ச் 6-ஆம் தேதி கானாவைச் சுதந்திர நாடாக்கிய குவாமே நிக்ரூமா, தேர்தல்களில் வென்று வந்தவர். அந்த நாட்டின் விடுதலைக்கு அவரைவிட அதிகம் உழைத்தவர் ஒருவரைக் காட்டுவது அரிது. மீட்பர் என்னும் பொருள்படும் பட்டப்பெயராலேயே அவர் அழைக்கப்பட்டார்; தலைநகர் அக்ராவில் அவருக்குச் சிலை எழுந்தது. ஆனால் 1958-இல் விசாரணையின்றிச் சிறையிலடைக்கும் சட்டம் வந்தது. 1964-இல் ஒரே கட்சி ஆட்சி வந்தது. அவரை எதிர்த்து நின்ற ஜே. பி. டான்குவா 1965-இல் சிறையிலேயே உயிர்நீத்தார். 1966 பிப்ரவரி 24 அன்று, நிக்ரூமா வெளிநாட்டுப் பயணத்திலிருந்தபோது, ராணுவமும் போலீசும் ஆட்சியைப் பறித்தன. கவிழ்த்தவர்கள் ஜனங்கள் அல்லர். ஆனால் அக்ராவின் வீதிகளில் கூடி மகிழ்ந்தவர்கள் அவர்களே. சிலை உடைந்து விழுந்ததும் அப்போதுதான்.

இங்கே ஆரவாரித்த கை ஏன் கல்லெடுத்தது? வாக்கினால் வழியனுப்பும் வாசல் அடைக்கப்பட்டிருந்தது என்பது பாதி விடைதான். மற்றப் பாதியை, அரசியல் நிர்ணய சபையில் 1949 நவம்பர் 25 அன்று பேசிய டாக்டர் அம்பேத்கர் முன்கூட்டியே சுட்டிக் காட்டியிருந்தார்: சமயத்தில் ஆத்ம விமோசனத்துக்கு வழியாகக்கூடிய பக்தி, அரசியலில் வீழ்ச்சிக்கும் சர்வாதிகாரத்துக்குமே வழியாகும் என்றார் அவர். பக்தன் கேட்ட வரம் கிட்டாவிட்டால் குறையைத் தன்னிடமே தேடுவான். தன் வினை என்பான், தன் அன்பு போதவில்லை என்பான். அந்தப் பொறுமை தெய்வத்தின் முன்னிலையில் அழகு. ஒரு மனிதனைத் தெய்வமாக்கியவனுக்கோ அந்தப் பொறுமை நெடுநாள் நிலைப்பதில்லை. மூலவராய் நின்றவர் மனிதரே என்று தெரிந்த கணத்தில், தான் ஏமாந்த அவமானமெல்லாம் கோபமாக மாறி அவர்மேல் பாய்கிறது. தானே செய்ய வேண்டிய பிரஜா தர்மத்தை, அதாவது கண்காணிப்பதையும் கேள்வி கேட்பதையும், வழிபாட்டில் கரைத்துவிட்ட குற்றம் அந்தக் கோபத்தில் மறைந்துபோகிறது. நன்றி மறந்த பாவத்தைவிட, அளவுமீறி வணங்கிய பாவமே இங்கே மூத்தது என்று நான் கருதுகிறேன்.

தலைவன் பக்கத்துத் தர்மம் ஒன்றும் உண்டு. அதை நினைக்கும்போதெல்லாம் பைபிளின் பழைய ஏற்பாட்டில் வரும் இஸ்ரவேலின் நியாயாதிபதி சாமுவேலின் சரித்திரம் நினைவுக்கு வருகிறது. அவர் தேர்தலால் வந்தவர் அல்லர். ஆனாலும் ஜனங்களால் விலக்கப்பட்டவர். இஸ்ரவேலின் மூப்பர்கள் ராமாவுக்கு வந்து, உமக்கு வயதாகிவிட்டது, உம்முடைய குமாரர்கள் உம் வழியில் நடக்கவில்லை, எங்களுக்கு ஒரு ராஜா வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. பிள்ளைகள் லஞ்சம் வாங்குகிறவர்கள் என்று அந்நூலே சொல்லுகிறது. மனம் புண்பட்ட சாமுவேலுக்குக் கிடைத்த தேவ வாக்கு, ஜனங்கள் சொல்வதைக் கேள் என்பதே. ராஜா வந்தால் பிள்ளைகளைத் தேருக்கும் படைக்கும் பிடித்துக்கொள்வான், விளைச்சலில் பத்தில் ஒன்று எடுப்பான் என்று எச்சரித்துவிட்டு, ராஜாவாகத் தேர்ந்த சவுலின் தலையில் தம் கையாலேயே அபிஷேகத் தைலத்தை வார்த்தார். யாருடைய எருதையாவது, யாருடைய கழுதையையாவது நான் எடுத்துக்கொண்டதுண்டா என்று சபையின் நடுவே கேட்டார். இல்லை என்று ஜனங்கள் ஒரே குரலாகச் சாட்சி சொன்னார்கள். சாட்சி சொன்னார்களே தவிர, ராஜா வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும், அவர்களுக்காகப் பிரார்த்திப்பதை நிறுத்தினால் அது கர்த்தருக்கு விரோதமாகத் தாம் செய்யும் பாவமாகும் என்று கூறி, அவர்களுக்கு நல்வழியைப் போதிப்பதாக வாக்களித்தார் அந்த முதியவர்.